இரண்டு தடவை மட்டும்

நான்கு தாள்களில் மூன்று தேறிவிட்டாள். நான்காவது தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது. அந்தக் கணக்கியல் தேர்வில் ஒரு விதி உண்டு. முதல் தாள் தேறி முப்பது மாதத்துக்குள் நான்கையும் முடிக்க வேண்டும். தவறினால் முதல் தாளின் தேர்ச்சி செல்லாது. அவளுக்கு இருபத்தேழு மாதம் ஓடிவிட்டது. இருந்தது ஒரே வாய்ப்பு. போதாததற்கு, அவள் வேலை செய்யும் ஆடிட் அலுவலகத்தில் மேலாளர் சுற்றறிக்கை விட்டிருந்தார். ஆண்டு முடிவுக்குள் சான்றிதழ் வாங்காதவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பச்சைப் பேனா. சரிபார்த்த இடத்தில் பச்சை மையில் குறி போடுவாள். அவள் குறி விழுந்த பக்கத்தை மேலாளர் மறுபடி புரட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளும் கணவனும் கணினி முன் உட்கார்ந்து வீடியோ வகுப்புகளை அலசினார்கள். அவனும் கணக்கு எழுதுகிறவன்தான், ஒரு கிடங்கில். அவன் ஒரு தாள்தான் தேறியிருந்தான். இந்தத் தாளை அடுத்த ஆண்டு எழுதுவதாக எண்ணம். கடைசியில் இரண்டு வகுப்புகள் மிஞ்சின. ஒன்றில் ஆசிரியர் புத்தகத்தைப் பத்திரம் படிப்பதுபோல் வாசித்தார். ஆனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். மற்றொன்றில் ஆசிரியர் முக்கியமான இடம் வந்தால் கைதட்டுவார், ஜோக் அடிப்பார், கல்லுக்கும் புரியும்படி சொல்வார். ஆனால் ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை மட்டும்தான் பார்க்க முடியும். அதுவும் பதிவு செய்த ஒரே கணினியில்.

"முதல் ஆளு பேச ஆரம்பிச்சா எனக்குக் கொட்டாவி வருது" என்றான் கணவன். "கைதட்டு சாரையே எடு. ஒரு தடவை சேந்து பாப்போம். இன்னொரு தடவை கடைசி வாரத்துல உனக்கு. போதாதா?"

அவள் ஒரு தாளில் கட்டம் போட்டு இரண்டையும் ஒப்பிட்டாள். யோசித்தாள். பச்சைக் குறியைக் கைதட்டு சார் பக்கம் போட்டாள்.

மொத்தம் நாற்பது பாடங்கள். தினமும் காலை ஐந்து மணிக்கு இருவரும் உட்கார்வார்கள். ஆடிட்டில் ஒரு வழக்கம் உண்டு. புரியாத இடத்தில் நின்று மல்லுக்கட்டாமல், ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டு மேலே போவது. வேலை முடியும் வாரத்தில் திரும்பி வந்து எல்லாக் குறிகளையும் ஒவ்வொன்றாகத் தீர்ப்பது. பாடத்தையும் அவள் அப்படித்தான் படித்தாள். குழும நிறுவனங்களின் கணக்குகளை ஒன்றாக இணைக்கும் பகுதிதான் யானை. அது மட்டும் பதினோரு பாடம். அந்தப் பதினோரு பாடத்தில் அவள் நோட்டில் அறுபத்து மூன்று குறிகள். 'இரண்டாம் தடவை பார்க்க' என்று பக்கத்திலேயே எழுதி வைத்தாள். மனசு நிம்மதியாக இருந்தது.

தேர்வுக்கு ஏழு நாள் இருக்கும்போது விடுப்பு எடுத்தாள். கணவன் வழக்கம்போல் எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, இணைப்புக் கணக்கின் முதல் பாடத்தை அழுத்தினாள்.

'பார்வை வரம்பு முடிந்தது' என்று திரையில் வந்தது.

அடுத்ததை அழுத்தினாள். அதே வரி. பதினொன்றும் மூடியிருந்தன. நாற்பதில் முப்பத்து நாலு மூடியிருந்தன.

உதவி எண்ணுக்கு அழைத்தாள். மறுமுனையில் பேசிய பெண் பொறுமைசாலி. விதியை மாற்ற முடியாது என்று மூன்று தடவை சொன்னாள். பிறகு பார்த்த நேரங்களைப் படித்துக் காட்டினாள். செவ்வாய் பகல் பதினொன்று பத்து. புதன் பகல் இரண்டு. வியாழன் பகல் பன்னிரண்டு. ஆறு வாரமாக, ஒரு வேலை நாள் தவறாமல்.

பகல் வேளையில் வீட்டில் யாரும் இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கிடங்கின் எண்ணுக்கு அழைத்து, தன் பெயரைச் சொல்லாமல், கணவன் பெயரைச் சொல்லி, கணக்குப் பிரிவில் அவரோடு பேச வேண்டும் என்றாள். அவர் போய் ஒன்றரை மாதம் ஆச்சே, ஆளைக் குறைச்சாங்க இல்ல, என்று பதில் வந்தது.

மாலை ஆறு மணிக்கு அவன் வந்து செருப்பைக் கழற்றினான். அவள் நேரங்களை எழுதிய தாளை மேசைமேல் வைத்திருந்தாள். அவன் நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்தான்.

பரீட்சை முடியட்டும் என்றுதான் சொல்லவில்லையாம். காலையில் கிளம்பி அவள் பஸ் ஏறும்வரை தெருக்கோடியில் நிற்பானாம். நாலு இடம் அலைந்து வேலை கேட்டுவிட்டு, வெயில் ஏறினால் வீட்டுக்கு வந்துவிடுவானாம்.

"வந்து?"

"போட்டு விட்டுடுவேன். பாதியில நிறுத்திட்டா கணக்குல வராதுன்னு நெனச்சேன்."

"நிமிஷக் கணக்கு. பாதி பாத்தாலும் பாதி போகும், மறுபடி போட்டா மீதியும் போகும். நீங்களும் நானும்தானே விதியைப் படிச்சோம்?"

அவள் நோட்டைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள். குரல் உயரவில்லை.

"சரி. போனது போகட்டும். பதினோரு பாடத்தையும் நீங்க ரெண்டு தடவை கேட்டிருக்கீங்க. இந்த அறுபத்து மூணுல எது தெரியுமோ சொல்லுங்க. ராத்திரி பகல் பாக்காம உக்காந்து எழுதிக்கறேன்."

அவன் நோட்டைப் பார்த்தான். முதல் குறி, தாய் நிறுவனம் துணை நிறுவனத்துக்கு விற்ற சரக்கில் விற்காமல் நின்றதன் லாபத்தை எங்கே கழிப்பது என்பது. கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதியவன்தான். ஆனாலும் அந்தக் குறியைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டினான்.

"அந்த இடத்துல அவர் மாமியார் ஜோக் ஒண்ணு சொல்வார்" என்றான்.

"அப்புறம்?"

"அப்புறம் கைதட்டுவார்."

அவள் காத்திருந்தாள்.

"எனக்குப் பாடம் ஏறல" என்றான். "மத்தியானம் வீடு ரொம்ப அமைதியா இருக்கும். யாராவது கணக்கு பேசிக்கிட்டே இருந்தா ஆபீஸ்ல இருக்கற மாதிரி இருந்தது. அதுக்குத்தான் போட்டேன். நான் கேக்கவே இல்ல."

அவளுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது. தலையைத் தடவிக் கொடுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மிச்சம் ஆறு நாள், புத்தகத்தோடு மாரடித்தாள். அறுபத்து மூன்றில் இருபதைத் தீர்த்தாள். தேர்வில் நாற்பது மதிப்பெண் கேள்வி இணைப்புக் கணக்கில்தான் வந்தது. முதல் பக்கம் எழுதினாள், இரண்டாம் பக்கம் எழுதினாள். மூன்றாம் பக்கத்தில் அந்த விற்காத சரக்கு வந்தது. எந்தப் பக்கம் கழித்துப் பார்த்தாலும் இருப்புநிலைக் குறிப்பு சமமாகவில்லை. மணி அடித்தபோது பேனா அதே வரியில் நின்றது.

ஐந்து மதிப்பெண்ணில் போயிற்று. முடிவு வந்த மறுநாள் இன்னொரு கடிதம் வந்தது, முதல் தாளின் தேர்ச்சி காலாவதி என்று. இரண்டாம் தாளுக்கு இன்னும் நாலு மாதம்தான் ஆயுள். ஒன்றை எட்டிப் பிடிப்பதற்குள் இன்னொன்று நழுவும். மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருத்தம் தெரிவித்தார். மாதக் கடைசிவரை வரலாம், கோப்புகளைப் புது ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றார்.

அன்று மாலை அவள் ஒப்படைப்புப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். கணவன் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான்.

"புது ஆள் நாலும் பாஸா?" என்று கேட்டான்.

"ஆமா. ஒரே வருஷத்துல."

"எந்த வகுப்புல படிச்சானாம்?"

அவள் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். ஒரு கணம் அவனைப் பார்த்தாள்.

"கேக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பின் எண்ணை எழுதினாள்.