குப்புற விழுந்தாச்சு

வீடு வீடாக இருக்கும் இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி, லாரியின் முதுகில் பூப்போல இறக்கி வைத்தவன் நான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு நெம்புகோல். வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், ஓய்வு பெற்ற அன்றுதான் எழுந்தார் என்று என் மனைவி பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்வாள். அவள் சொல்வதில் பாதிதான் கிண்டல்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு கிலுகிலுப்பையிடம் தோற்றேன். பேத்தியின் கையிலிருந்து நழுவி, அது சோபாவுக்கு அடியில் உருண்டு போயிற்று. எடுத்துக் கொடுக்கலாமே என்று தரையில் உட்கார்ந்தேன். கிலுகிலுப்பை கைக்கு வந்துவிட்டது, கால்தான் வர மாட்டேன் என்றது. மகள் கீழே கடைக்குப் போயிருந்தாள். தொட்டிலில் குழந்தை அழ ஆரம்பித்தாள். நான் ஒரு கையால் சோபாவின் காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டிச் சமாதானம் சொன்னேன். அவளா கேட்பாள்? மகள் திரும்பி வந்தபோது, அழுதழுது குழந்தையின் முகம் சிவந்திருந்தது. என் முகமும் சிவந்துதான் இருந்தது, வெட்கத்தில்.

மகளின் பிரசவ விடுப்பு முடியப் போகிற நேரம் அது. மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறார், வந்தால் வந்தார். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், பகலெல்லாம் அங்கேதான். ஆகவே பேத்தியைப் பகலில் நான் பார்த்துக்கொள்வது என்று எப்போதோ முடிவாகியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னை நம்பி யாரும் ஒப்படைத்த முதல் வேலை அது. அதற்காகவே பால் புட்டி கழுவக் கற்றுக்கொண்டு, அதில் கொஞ்சம் கர்வமும் பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது, இடம் இருக்கிறதா என்று கேட்டு வைத்திருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, அவ தரையில வளர்ற பிள்ளை. நீங்க தரைக்குப் போயிட்டுத் திரும்பி வர முடியலைன்னா எப்படிப்பா?"

பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள்.

"லீவு முடியறதுக்குள்ள, எதையும் பிடிக்காம, அவளைத் தூக்கிக்கிட்டுத் தரையிலேர்ந்து எழுந்து காட்டுங்க. அதுக்கப்புறம் காப்பகம்ங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்."

டாக்டர் பார்த்துவிட்டு எலும்பில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார். உட்கார்ந்தே இருந்ததில் தசையெல்லாம் வேலையை மறந்துவிட்டது, வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார். அன்றைக்கே மகள் என் போனில் ஒரு உடற்பயிற்சி ஆப் போட்டுக் கொடுத்தாள், ஒரு ரப்பர் பாயும் வாங்கி வந்தாள். ஆப்பில் ஒரு பையன் வந்தான். வெட்டுக்கிளி தோற்றுப் போகும், அப்படித் துள்ளினான். துள்ளிக்கொண்டே, "உங்கள் மையத்தை இறுக்குங்கள்" என்றான். எனக்கு மையம் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். அது எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டேன்.

"தொப்பையைத் தள்ளிட்டுத் தேடுங்க, உள்ளேதான் இருக்கும்" என்றாள்.

கொஞ்ச நாள் அந்தப் பையனோடு மல்லுக்கட்டினேன். அவன் குனிந்தால் நான் பாதியில் நின்றேன், அவன் எழுந்தால் நான் சோபாவைப் பிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் முடிவில் "அருமை, அசத்திவிட்டீர்கள்" என்று வேறு சொல்வான். எதைப் பார்த்துச் சொன்னானோ. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் அவன் வாயை மூடிவிட்டு, பாயிலேயே மல்லாந்து கிடந்தேன்.

பக்கத்தில் விரிப்பில் பேத்தியைக் குப்புறப் போட்டிருந்தார்கள். குழந்தையை விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் அப்படிப் போட்டு வைக்கச் சொல்லியிருந்தாராம் டாக்டர். நாங்கள் அவளைப் பொட்டலம் என்று கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது துணியில் சுற்றி அப்படித்தான் கொடுத்தார்கள். வேறு வேலை இல்லாததால் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அதற்கு முன் அவளை எவ்வளவோ கொஞ்சியிருக்கிறேன், ஆனால் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அவள் தலையைத் தூக்கினாள். அவ்வளவுதான் செய்தாள், ஆனால் அந்தத் தலையைத் தூக்க உடம்பு முழுவதும் கூடி உழைத்தது. கழுத்து நடுங்கிற்று, முதுகு விறைத்தது, கால் விரல்கள்கூட மடங்கிக்கொண்டன. கிரேனில் பெரிய பாரம் என்றால், முதலில் தரையை விட்டு ஒரு விரற்கட்டை தூக்கி, அப்படியே நிறுத்தி, ஆடுகிறதா என்று பார்ப்போம். அதற்கப்புறம்தான் மேலே கொண்டு போவோம். எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு பயிற்சிப் பள்ளிக்கூடமே இருந்தது. இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தூக்கினாள், நிறுத்தினாள், ஆடிற்று, இறக்கினாள். மூக்கு விரிப்பில் மோதி அழுதாள். கண்ணீர் காய்வதற்குள் மறுபடி தூக்கினாள். அருமை என்று சொல்ல ஒரு ஆள் இல்லை, அசத்திவிட்டாய் என்று சொல்ல ஒரு போன் இல்லை. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. துறைமுகத்தில் எத்தனையோ உழைப்பாளிகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து வெட்டுக்கிளிப் பையனுக்கு விடுமுறை கொடுத்துவிட்டேன். காலையில் பொட்டலத்தை விரிப்பில் போட்டதும் நானும் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பேன். அவள் செய்வதையெல்லாம் செய்வேன். அவள் தலையைத் தூக்கினால் நானும் தூக்குவேன். அவள் காலை உதைத்தால் நானும் உதைப்பேன். முதல் நாள் கழுத்து வலித்த வலியில், அவள் ஏன் அழுகிறாள் என்பதும் விளங்கிற்று. மனைவி வேலைக்குக் கிளம்பும்போது இதைப் பார்த்துவிட்டு, செருப்பு மாட்டியபடியே சிரித்தாள். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் தூக்கி உட்கார வைத்துவிட்டு வருகிறேன், வீட்டில் எனக்கு இரண்டு பொட்டலமா என்றாள். ஆனால் நர்ஸ் அல்லவா, சும்மா போகவில்லை. மல்லாந்த உடம்பை நேராக எழுப்பப் பார்த்தால் எழும்பாது, முதலில் ஒருக்களிக்க வேண்டும், பிறகு குப்புற வர வேண்டும், பிறகு கை, பிறகு முட்டி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருக்களிப்பது வரைக்கும் பொட்டலமும் நானும் ஒன்றாக வந்து சேர்ந்தோம். அங்கே அவள் மாட்டிக்கொண்டாள். இடுப்பு திரும்பிவிடும், தோளும் திரும்பிவிடும், அடியில் சிக்கின கை மட்டும் வராது. ஒரு விரலால் தொட்டு விட்டால் போதும், புரண்டுவிடுவாள். கையை நீட்டிக்கொண்டு போவேன், தொடாமல் திரும்புவேன். அவ்வளவு பாடுபட்டவளிடமிருந்து கடைசி அங்குலத்தை நான் எப்படித் திருடுவது? நானும் அப்படித்தான் இருந்தேன். குப்புற வந்து, முட்டி போட்டுவிடுவேன். அதற்குமேல் சோபாவைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. விடுப்போ முடிந்துகொண்டே வந்தது.

கடைசி வாரத்தில் ஒருநாள், மகளை அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அலுவலகம் இரண்டு தெரு தள்ளித்தான். அன்று மனைவிக்கு ஓய்வு நாள், அதனால் தைரியமாகப் போனாள். துணி துவைக்கிற இயந்திரம் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் பொதுவாகக் கீழே இருக்கிறது. மனைவி துணியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். நான் ஹாலின் நடுவில் வெயில் விழுந்த இடத்தில் விரிப்பையும் பாயையும் போட்டு, பொட்டலத்தோடு படுத்தேன். சோபா எட்டாத இடம், நான் அதை யோசிக்கவில்லை.

அவள் ஒருக்களித்தாள். கை சிக்கிற்று. முனகினாள். முகம் கோணிற்று. தோளை ஒரு குலுக்குக் குலுக்கினாள், கை பட்டென்று வெளியே வந்தது, மறுகணம் பொட்டலம் குப்புறக் கிடந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். உலகத்தையே புரட்டிப் போட்டவள் மாதிரி அல்ல, அது எப்படித் தானாகப் புரண்டது என்று கேட்பவள் மாதிரி பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் குப்புறப் புரண்டு, அவள் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு போனை எடுத்து மகளுக்கு ஒரு மெசேஜ் அடித்தேன்:

"குப்புற விழுந்தாச்சு. உடனே சொல்லணும்னு தோணிச்சு."

அனுப்பிவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டேன். குழந்தை தூங்குகிற வீடு என்பதால் அது எப்போதும் ஊமையாகத்தான் கிடக்கும்.

யார் விழுந்தது என்று நான் எழுதவில்லை. என் மனதில் அந்த நேரத்தில் உலகத்திலேயே ஒருத்திதான் இருந்தாள், அவள் பெயரை எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த என் மகளுக்கோ விழக்கூடிய ஆள் என்று ஒருவர்தான் இருந்தார். எனக்குப் போன் அடித்திருக்கிறாள், ஊமை. அம்மாவுக்கு அடித்திருக்கிறாள், இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் ஓடி வந்திருக்கிறாள். சாவி பையில்.

நாங்கள் இருவரும் முகத்தோடு முகம் பார்த்து லயித்திருந்தபோது கதவு இடிபட்டது. அப்பா, அப்பா என்று குரல். அழைப்பு மணி விடாமல் அலறிற்று. பொட்டலம் திடுக்கிட்டு வீறிட்டாள். என் மகள் அப்படிக் கூப்பிட்டு, சிறு வயதுக்குப் பிறகு நான் கேட்டதில்லை. என்னவோ ஆகிவிட்டது அவளுக்கு என்றுதான் நினைத்தேன். கையை ஊன்றினேன், முட்டி போட்டேன், அழுகிற குழந்தையை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். ஒரு பாதத்தை முன்னால் வைத்தேன். அதற்கப்புறம் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கதவைத் திறந்தபோது நின்றுகொண்டிருந்தேன்.

மகள் செருப்பில்லாமல் நின்றாள். மூச்சு வாங்கிற்று. என் நெற்றியைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள், குழந்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"விழுந்தாச்சுன்னு போட்டீங்களேப்பா. யாரு விழுந்தது, நீங்களா அவளா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ரெண்டு பேரும்தான்மா" என்றேன். "அவ முதல்ல. நான் அப்புறம்."

அவள் என்னைத் திட்டினாள். தலையெழுத்து என்றாள், ஒரு சொல் சேர்த்து எழுதினால் கையா தேய்ந்துவிடும் என்றாள். திட்டிக்கொண்டே ஹாலைப் பார்த்தாள். நடுவில் பாய் கிடந்தது. சோபா அந்தப் பக்கச் சுவரோரம் இருந்தது. திட்டு பாதியில் நின்றது.

"எதைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தீங்க?"

எதையும் பிடிக்கவில்லை என்று அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. பொட்டலத்தைத்தான் பிடித்திருந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை செய்து காட்டுங்கள் என்றாள்.

அவசரத்தில் வந்தது சாவகாசத்தில் வருமா? இருந்தாலும் பாயில் போய்ப் படுத்தேன். மகள் பொட்டலத்தைப் பக்கத்து விரிப்பில் விட்டுவிட்டு என் எதிரில் மண்டியிட்டாள். ஒருக்களித்தேன். குப்புற வந்தேன். கை, முட்டி. பேத்தியை நெஞ்சோடு எடுத்துக்கொண்டு பாதத்தை முன்னால் வைத்தேன். பாரம் தரையை விட்டு ஒரு விரற்கட்டை எழும்பிற்று. தொடை வெடவெடவென்று நடுங்கிற்று. நான் அப்படியே நிறுத்தி, ஆட்டம் அடங்கக் காத்திருந்தேன். நிமிர்ந்து மகளைப் பார்த்தேன். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது, கண் இமைக்கவில்லை. இரண்டு கையையும் என் முழங்கைகளுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்திருந்தாள், ஆனால் தொடவில்லை.