அரைப்பேர்

கோபம் வந்தால் ஷிரோமிக்குப் பேச்சு குறையும், கை வேகமாக ஓடும். பெரகல சந்தியில் அவள் நடத்தும் போர்டு எழுதும் கடையில், ஒரு முழு நாள் பிடிக்கிற கோழிக்கடை போர்டு அன்று காலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது. ஜோன்சன் போன மாதம் அனுப்பியிருந்த கதையை நினைத்து வந்த கோபம் செய்த வேலை அது.

ஜோன்சன் பதுளையில் இருந்துகொண்டு 'இடிமுகன்' என்ற காமிக்ஸ் புத்தகத்தை எழுதி அச்சடிக்கிறவன். படம் வரைவது ஷிரோமி. இருவரும் கொஸ்லந்தயில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன், அவள் கூலியாட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை. இடிமுகன் மலையைத் தூக்குவான், ரயிலை நிறுத்துவான், என்ன செய்தாலும் தலைமுடி கலையாது. இப்படிப்பட்டவனுக்கு ஒரு எடுபிடி வேண்டாமா? முதல் புத்தகத்திலேயே ஒரு தோட்டத்துப் பெண்ணைச் சேர்த்து, அவளுக்கு 'அரைப்பேர்' என்று பெயரும் வைத்தான் ஜோன்சன். பறித்த கொழுந்து எடை குறைந்தால் அன்றைய வேலையைப் பாதி நாளாகப் போடுவார்களே, அந்த அரைப்பேர். லயத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. புத்தகம் வாங்கியவர்கள் சிரித்தார்கள். அதுதான் ஷிரோமிக்கு வயிற்றெரிச்சல்.

அந்த முதல் புத்தகத்தில் அரைப்பேர் இடிமுகனின் இடுப்பளவுதான் இருந்தாள். பை சுமப்பாள், வழுக்கி விழுவாள், "வந்துட்டேன் தொரை" என்பாள். ஷிரோமி சண்டை பிடிக்கவில்லை. வரைகிற கை தன்னுடையதுதானே என்று இருந்துவிட்டாள். அடுத்த புத்தகத்தில் அவளை விழாமல் நிற்கவைத்தாள். பிறகு கூனலை எடுத்தாள். பிறகு பையைப் பிடுங்கிவிட்டு தேயிலைச் செடி வெட்டுகிற ஒரு கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தாள். படத்துக்குள் வசனத்தை எழுதுவதும் ஷிரோமிதான் என்பதால் 'தொரை' என்ற சொல்லை எழுதாமலே விட்டாள். புத்தகத்துக்குப் புத்தகம் வளர்ந்து அரைப்பேர் இடிமுகனின் தோளுக்கு வந்தும் ஜோன்சனுக்குத் தெரியவில்லை. அவன் கண் தன் வீரனை விட்டு அகன்றால்தானே தெரியும்! பிள்ளைகளுக்குத் தெரிந்தது. பண்டாரவளைக் கடைகளில் "அந்த அக்கா வர்ற புத்தகம் வந்துருச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

இந்த முறை வந்த கதையில் மண்சரிவு. இடிமுகனைத் தள்ளிக் காப்பாற்றிவிட்டு அரைப்பேர் மண்ணுக்குள் போகிறாள். அதைப் பார்த்து அவனுக்கு ஆவேசம் வந்து மலையையே நிறுத்துகிறானாம். ஷிரோமியின் அக்கா அனுஷ்கா மீரியபெத்த மண்சரிவில் போனவள். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதைப் பார்த்து எவனுக்கும் ஆவேசம் வந்து எந்த மலையும் நிற்கவில்லை.

அந்தக் கதைக்கு அவள் வரைந்து முடித்திருந்த படங்களை வாங்கிப்போக அன்று மத்தியானம் ஜோன்சன் வந்தான். நின்றபடியே புரட்டிக் கடைசித் தாளுக்கு வந்தான்.

"இவ ஏன் சாகல?"

"சாக மாட்டா."

"கூட வர்றவங்க செத்தாத்தான் ஹீரோவுக்கு வெறி ஏறும் ஷிரோமி. எல்லா ஊருலயும் அப்படித்தான் எழுதுறாங்க."

"எங்கக்கா செத்து எவனுக்கு வெறி ஏறுச்சு?"

"அது வேற. இது கதை. இவ வெறும் அரைப்பேருதானே, இவளுக்குப் போயி ஏன் இந்தப் பாடு படுற?"

வெறும் அரைப்பேராம்! காய்ச்சலோடு மலையேறிய அம்மா, பாதி நாள்தான் விழுந்தது என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்ட சாயங்காலங்களை ஷிரோமி பார்த்திருக்கிறாள்.

"அது என்னன்னு ஒனக்கு நல்லாத் தெரியும். எங்கம்மாவுக்கு ஒங்கப்பாதான் அரைப்பேரு போட்டாரு. தெரிஞ்சேதான் இவளுக்கு அந்தப் பேர வச்ச."

"சும்மா ஒரு தமாசுக்கு..."

"யாருக்குத் தமாசு?"

அவனுக்கும் சுருக்கென்றது. "இங்க பாரு, இடிமுகன் என்னோட ஆளு. நீ வரையாட்டி வேற ஒருத்தர் வரைவாங்க."

"ஒன்னோட ஆளுதான். கொண்டுபோ."

ஸ்டிக்கர் வெட்டுகிற பிளேடை எடுத்தாள். முதல் தாளிலிருந்து இடிமுகனைச் சுற்றி வெட்ட ஆரம்பித்தாள். பறக்கிற இடிமுகன், கைகட்டி நிற்கிற இடிமுகன், மலைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திய இடிமுகன். ஜோன்சன் "ஏய், ஏய்" என்றானே தவிர பிளேடுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகவில்லை. வெட்டியதையெல்லாம் ஒரு கடைப் பையில் போட்டு அவன் கையில் திணித்தாள்.

"இந்தா. ஒன்னு விடாம இருக்கு."

எவ்வளவு நாசம் என்று பார்க்க அவன் ஓட்டை விழுந்த தாள்களை எடுத்தான். மழை பெய்கிறது. மலை வெடிப்பதை அந்தப் பெண் காண்கிறாள். லயம் லயமாக ஓடிக் கதவைத் தட்டுகிறாள். கத்தியால் கூரைத் தகரத்தைப் பிளந்து உள்ளே இருப்பவர்களை இழுக்கிறாள், பிள்ளைகளைக் கோயில் மேட்டுக்கு ஏற்றுகிறாள். கதை எங்கே அறுந்துபோகிறது என்று ஜோன்சன் தேடினான். எங்கேயும் அறுபடவில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"அப்ப இவன் இத்தன நாளா என்னதான் செஞ்சான்?" என்றான், பையைப் பிடித்துக்கொண்டு.

"கூட வந்தான்" என்றாள் ஷிரோமி.