மட்டிப் பாட்டு

குதிகாலை ஊன்றித் திருகுகிறாள், ஈர மணல் இளகிக் கொடுக்கிறது, கணுக்கால் வரை இறங்கியாயிற்று, ஒன்றும் தட்டவில்லை, ஓரடி தள்ளி நின்று மறுபடியும் திருகுகிறாள், என்னமோ உறுத்துகிறது, குனிந்து எடுத்தால் சுண்டுவிரல் நகத்தளவு மட்டி, வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறது, அட, என்னட்டி உனக்கு இவ்வளவு கோவம், நான் திங்க வரல, பாக்கத்தான் வந்தேன் என்று அதனிடம் சொல்லிவிட்டு எடுத்த இடத்திலேயே புதைக்கிறாள், இது எந்தக் கரை, தூத்துக்குடிக்குத் தெற்கே அவள் பிறந்து விழுந்த கரையா, நியூசிலாந்தின் வடகோடியில் அவள் வாழ்க்கைப்பட்ட மவோரி ஊரின் கரையா, கண்ணை மூடிக்கொண்டு காலால் மட்டும் பார்த்தால் அமலோற்பவத்துக்கு இரண்டும் ஒன்றுதான், அங்கே அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் போகிறாள், இங்கே புருஷன் பாவோரா கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு முன்னால் போகிறான், இரண்டு பேருமே இப்போது இல்லை, ஆனாலும் இரண்டு பேரின் கால்தடத்திலும் தண்ணீர் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. மட்டியை இந்த ஊரார் பிப்பி என்பார்கள், பாவோரா நட்டுவிட்டுப் போன கம்பு அதோ பாறையோரம் நிற்கிறது, உச்சியில் கட்டிய துணி வெளுத்து நார்நாராகிவிட்டது, அது நிற்கிற வரைக்கும் இந்த மணலிலிருந்து ஒரு மட்டியைக்கூட யாரும் எடுக்கக் கூடாது, ராஹுயி என்று அதற்குப் பெயர், கடலுக்கு ஊர் போடுகிற தடை, போலீசு கிடையாது, காவல் கிடையாது, வெறும் கம்புதான், ஆனால் அதை மீறிக் கைவைக்கிற துணிச்சல் இங்கே எவனுக்கும் கிடையாது, மட்டி அருகிக்கொண்டே வருது, மூடுங்கப்பா மூடுங்க என்று வருஷக்கணக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி அந்தத் தடையை வாங்கினவன் பாவோரா, அவன் போனபிறகு மாதாமாதம் கரைக்கு வந்து மட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற பொறுப்பை ஊர் இவள் தலையில் வைத்தது, பார்த்துவிட்டாள், நகத்தளவுதான், இன்னும் ஒரு கோடை போயாக வேண்டும், அதற்குள் திறந்துவிட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறானே ஹொஹெபா, அவனை என்ன செய்வது.

அமலோற்பவம் ஆக்லாந்து ஆசுபத்திரிக்கு நர்சாக வந்தவள், காலொடிந்து படுத்திருந்த பாவோராவுக்குக் கட்டுப் போட்டவள், பிறகு அவனையே கட்டிக்கொண்டவள், பாவோரா என்றால் பவுல், நம்ம சின்னப்பர்தானே என்று அம்மாவுக்குப் போனில் சொல்லிச் சமாதானம் பண்ணியிருக்கிறாள், வந்த புதிதில் இந்த ஊர்ச் சட்டதிட்டங்களை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள்தான் அசந்துபோனார்கள், தலையணை மேல் உட்காரக் கூடாது, சாப்பாட்டு மேசை மேல் உட்காரக் கூடாது, கால் துடைக்கிற துணியையும் பாத்திரம் துடைக்கிற துணியையும் சேர்த்துத் துவைக்கக் கூடாது, ஊர் கூடுகிற மன்றத்து வீட்டுக்குள் செருப்போடு நுழையக் கூடாது, ஐயோ இதெல்லாம் எங்க அம்மா முதுகுல போட்டுப் பழக்குனதுல்லா என்று சிரித்தாள், அன்றைக்கே ஊருக்குப் பாதிப் பெண்ணாகிவிட்டாள், அவர்கள் பேசுவது அவள் காதில் தன் ஊர்ப் பேச்சாகத்தான் விழும், இன்றைக்கும் அப்படித்தான். ஒன்றே ஒன்றுதான் அவளுக்குப் புரியாமல் இருந்தது, அதில் போய் முட்டிக்கொண்டாள் பாருங்கள், மன்றத்து முற்றத்தில் ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள், பேசி முடித்தவனுக்காக அவன் வீட்டுப் பெண் ஒருத்தி பாட்டெடுக்க வேண்டும், எல்லாரும் எழுந்து சேர்ந்து பாட வேண்டும், பாட்டு இல்லாவிட்டால் அந்தப் பேச்சு செல்லாது, முதல் வருஷம் தாமாத்திப் பெரியவர் பேசிக்கொண்டே வந்தவர் மூச்சுவாங்க நின்றார், முடித்துவிட்டார் என்று நினைத்து இவள், தெரிந்த ஒரே பாட்டை, எடுத்துவிட்டாளே, கூட்டம் முழுக்க எழுந்து பாடித் தீர்த்தது, தாமாத்தி வாயைத் திறந்தபடியே உட்கார்ந்துவிட்டார், நடுப்பேச்சில் பெண் பாட்டெடுத்து ஊரும் எழுந்துவிட்டால் பேசுகிறவன் உட்கார்ந்தே ஆக வேண்டும், அதுதான் இந்த ஊரில் பெண்களின் அதிகாரம் என்று பிறகல்லவா தெரிந்தது, கல்யாணமாகி வந்து மூணு மாசம் ஆகல, என்னையவே உக்காத்தி வச்சிட்டாளே என்று அவர் ஒவ்வொரு விருந்திலும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், அமலோற்பவம் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்.

ஹொஹெபா கெட்டவன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும், பாவோராவின் சித்தப்பா மகன், அவளுக்குக் கொழுந்தன், அவன் பெயரும் நம்ம சூசைதான், பட்டணத்தில் பத்துப் பேரோடு பழகி நாக்கில் தேன் தடவிக்கொண்டு வந்தவன், மட்டி வாங்குகிற கம்பெனிக்காரன் ஒருத்தனைப் பிடித்துவைத்திருக்கிறான், ஐஸ் லாரி கரைக்கே வருமாம், அந்தப் பணத்தில் மன்றத்து வீட்டுக்குப் புதுக்கூரை போடலாமாம், கூரை ஒழுகுவதும் உண்மைதான், மழைக்காலத்தில் சவத்தை வைத்து அழக்கூட நனையாத மூலை தேட வேண்டியிருக்கிறது, பாவோராவுக்கு அழுதபோதே தாமாத்தி குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதனால்தான் ஊர் சாய்கிறது. மன்றத்து வீட்டுக்குள் நடந்த பேச்சில் இவள் சொன்னாள், வீட்டுக்குள் பெண்கள் பேசலாம், கொழுந்தனாரே, எல்லாம் பிஞ்சு, இப்ப தோண்டுனா அடுத்த வருசம் வெறும் மணல்தான், சொன்னதும் அவன் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மட்டியை எடுத்து நீட்டினான், மதினி சின்னதப் பாத்தாவ, நான் பெருசப் பாத்தேன், அலை ஒதுக்கிப் போட்டது, இன்னா இருக்கு, என்றான், அந்த ஒற்றை மட்டியை ஊரார் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள், ஏப்பா, ஒண்ணு கிடந்தா ஊரே கிடந்ததா ஆயிருமா என்று இவள் கேட்டது யார் காதிலும் ஏறவில்லை. கடலைத் திறப்பதும் மூடுவதும் முற்றத்தில் வைத்து ஆண்கள் பெஞ்சு பேசி முடிக்கிற காரியம், கை தூக்கி எண்ணுகிற பழக்கம் இங்கே கிடையாது, ஒருத்தன் பேச்சு பாட்டோடு முடிந்து எதிர்ப்பேச்சும் எழவில்லை என்றால் ஊர் ஒத்துக்கொண்டதாக அர்த்தம், எதிர்த்துப் பேச பெஞ்சில் இருந்த ஒரே ஆள் பாவோரா. ஹொஹெபாவுக்குப் பாட்டெடுக்கப் போகிறவள் அவன் கூடப்பிறந்த அக்கா மெரேயானா, ஊரிலேயே பெரிய தொண்டை, அமலோற்பவத்துக்கு உயிர்த்தோழி, இரண்டு பேரும் சேர்ந்து தோண்டாத மட்டியா, அவளும் முற்றம் கூடுகிற அன்றைக்குக் காலையிலிருந்து இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முற்றத்தில் ஹொஹெபா கைத்தடியோடு நடக்கிறான், நாலடி போகிறான், திரும்புகிறான், நாலடி வருகிறான், என்ன அழகான பேச்சு, மூதாதையர் ஓடத்தில் வந்திறங்கிய கதையிலிருந்து தொடங்கிக் கூரைத் தகரம் வரைக்கும் ஒரே ஓட்டமாகக் கொண்டுவருகிறான், பெஞ்சில் தலைகள் ஆடுகின்றன, அமலோற்பவம் பெண்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், உட்கார்ந்திருக்கிறது இங்கேயா, கோயில் மதிலுக்குப் பின்னால் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளா, மதிலுக்கு அந்தப் பக்கம் ஊர்க்கமிட்டி கூடியிருக்கிறது, மட்டிப் படுகைக்குள் விசைப்படகை விடலாமா என்று பேசுகிறார்கள், வேண்டாம் ஐயா, அடியோட வாரிட்டுப் போயிருவான் என்று அப்பா கஸ்பார் எழுந்து சொல்கிறார், அவரை உட்கார வைக்கிறார்கள், அம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, ஏ மக்கா, தினமும் தோண்டுறது நாங்கல்லா, எங்களக் கேளுங்கலே என்று வாயைத் திறக்கிறாள், அப்பாவே திரும்பிக் கையமர்த்துகிறார், பொம்பள சும்மா இரி, அம்மா சும்மா இருந்தாள், பாவி மகள் சும்மா இருந்துவிட்டாள், அடுத்த வருஷம் அந்தக் கரையில் குதிகாலைத் திருகினால் சேறுதான் வந்தது, அதற்கப்புறம் அம்மா பாடினதே இல்லை, வலை இழுக்க ஆண்கள் பாடுகிற ஏலேலோவை மட்டி தோண்டும்போது தன் இஷ்டத்துக்கு மாற்றிப் பாடுவாளே, அது அந்த வருஷத்தோடு நின்றது. ஹொஹெபா பேச்சை முடிக்கிற இடத்துக்கு வந்துவிட்டான், குரலைத் தாழ்த்துகிறான், தடியை மார்போடு சேர்த்துக்கொள்கிறான், பாவோரா அண்ணன் இன்னைக்கு இருந்தா, என்கிறான், இந்தக் கம்ப அவரே தன் கையால பிடுங்கியிருப்பாரு, என்கிறான்.

எழுந்துவிட்டாள். யார் பெயரை எங்கே இழுக்கிறாய் என்ற கோபம் அவளை நாற்காலியிலிருந்து தூக்கிவிட்டது, நடுப்பேச்சில் எழுந்தவள் பாட வேண்டும், அவள் பாட்டுக்கு ஆள் எழுந்தால் பேசுகிறவன் உட்கார வேண்டும், நிறுத்தின பேச்சை அடுத்த கோடை வரைக்கும் மறுபடி எடுக்கக் கூடாது, யாருமே எழவில்லை என்றால் பாடினவள் உட்கார வேண்டும், அதற்கப்புறம் அந்த முற்றத்தில் அவள் ஜென்மத்துக்கும் பாட்டெடுக்க முடியாது, எல்லாம் தெரியும், தெரிந்துதான் எழுந்தாள், வாயைத் திறந்தால் இத்தனை வருஷமாகப் பாடிய மவோரிப் பாட்டில் ஒரு சொல்கூட வரவில்லை, தலை வெறுமையாகக் கிடக்கிறது, ஊரே பார்க்கிறது, மாதாவே என்று கண்ணை மூடினாள், காலுக்கடியில் மணல் இளகியது, முன்னால் அம்மா போகிறாள், கால் பதிச்ச மண்ணிலே, என்று வந்தது, கண் முழிச்ச மட்டியே, என்று வந்தது, பச்சைத் தமிழ், கடற்கரைத் தமிழ், ஏலேலோ என்று மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டிய இடம், ஒருத்தரும் வாங்கவில்லை, கொடிக்கம்பத்துக் கயிறு டக் டக் என்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, மதினி, உக்காருங்க, இது நம்ம பாட்டே இல்லியே, இதுக்கு யாரு எந்திரிப்பா என்று ஹொஹெபா மெதுவாகத்தான் சொன்னான், மரியாதையாகத்தான் சொன்னான், அவள் உட்காராமல் இரண்டாம் அடியை எடுத்தாள், பிஞ்சு முத்தும் காலம் வரை, பொறுத்திருக்கோம் கடலம்மா, அப்போது கிறீச்சென்று ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது, மெரேயானா. யாருட்ட பேசுறன்னு தெரிஞ்சு பேசுலே, நம்ம பாட்டு இல்லியாம்ல, இருவது வருசமா நீ தின்ன பிப்பி அத்தனையும் இந்தப் பாட்டப் பாடித் தோண்டுனதுதான், தின்ன வாய்க்குத் தெரியாது, தோண்டுன காலுக்குத் தெரியும், என்று தம்பியைப் பார்த்து ஒரு போடு போட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, முற்றம் அதிர, ஏலேலோ என்றாளே பார்க்கணும், அவள் பக்கத்தில் இருந்தவள் ஏலேலோ என்று எழுந்தாள், அதற்கடுத்தவள் எழுந்தாள், அமலோற்பவத்தோடு குனிந்து தோண்டிய பெண்கள் வரிசையாக எழுந்தார்கள், ஒருத்திக்கும் அர்த்தம் தெரியாது, ஒருத்திக்கும் தாளம் தப்பவில்லை, பிள்ளைகள் எழுந்தார்கள், சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தார்கள், ஏலேலோ ஏலேலோ என்று முற்றம் வலை இழுக்கிற கரையாகிவிட்டது, கடைசியில் பெஞ்சிலிருந்தே ஒருத்தர் தள்ளாடி எழுந்தார், தாமாத்திப் பெரியவர், ஐயா, பேச்சு இன்னும் முடியல என்று ஹொஹெபா அவர் பக்கம் திரும்பினான், முடிஞ்சிட்டுடே, ஊரு எந்திரிச்சாச்சு, நீ உக்காரு, என்றார் அவர், பிறகு அமலோற்பவத்தைப் பார்த்துத் தடியை ஆட்டி, அன்னைக்குத் தெரியாம ஒருத்தன உக்காத்தி வச்ச, இன்னைக்குத் தெரிஞ்சே உக்காத்தி வச்சிட்டியே தாயி, என்று பொக்கைவாயால் சிரித்தார், அவளுக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது, பாட்டை மட்டும் விடவில்லை, கடைசி அடி வரைக்கும் அம்மாவுக்காகச் சத்தமாகப் பாடினாள், இந்த மதிலும் அந்த மதிலும் சேர்ந்து விழுந்தன.

மட்டி பொறுத்தது, ஊரும் பொறுத்தது, ஒரு கோடை போயிற்று, கூரைக்கு யாரும் லாரியைக் கூப்பிடவில்லை, பழைய கொட்டகையைப் பிரித்த தகரத்தை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், உச்சியில் ஏறி உட்கார்ந்து ஆணி அடித்தவன் ஹொஹெபாதான், ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன் பிறகு தானாகவே வந்து, மதினி, உங்க ஊர்ப் பாட்டு வாயில ஒட்டிக்கிட்டுப் போக மாட்டேங்குது, தூக்கத்துலயும் பாடுறேன்னு வீட்டுல ஏசுதா என்றான், ஒட்டுமா ஒட்டாதா என்று இவள் சிரித்தாள். இன்றைக்குக் கடல் திறக்கிறது, விடிந்தும் விடியாமல் ஊரே கரையில் நிற்கிறது, தாமாத்தி ஜெபம் சொல்லி முடித்தார், கம்பைப் பிடுங்க யாரைக் கூப்பிடுவார்களோ என்று அவளும் எல்லாரையும்போல எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பாத்துச் சொன்னவளே பிடுங்கட்டும் என்கிறார் தாமாத்தி, நட்டவன் கைப்பிடித்த இடத்தில் கைவைத்து அவள் கம்பை அசைக்கிறாள், இத்தனை ஆழமாவா நட்டீங்க என்று பாவோராவைச் செல்லமாக ஏசுகிறாள், கம்பு வந்துவிட்டது, பெண்கள் ஓவென்று கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுகிறார்கள், மெரேயானா பாட்டை எடுக்கிறாள், ஹொஹெபா கோணியை விரித்துப் பிடித்தபடி ஏலேலோ என்கிறான், முன்னால் அம்மா போகிறாள், பாவோரா போகிறான், அமலோற்பவம் சேலையைச் செருகிக்கொண்டு குதிகாலை ஊன்றித் திருகுகிறாள், மணல் இளகவில்லை, கால் இறங்கவில்லை, இறங்க இடமில்லை, கீழே முழுக்க மட்டி, மட்டிமேல் மட்டி, பாதமெல்லாம் முட்டுகிறது, குனிந்து ஒன்றை எடுத்தால் உள்ளங்கை நிறைந்துபோகிறது, வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறது, அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, ஏட்டி, இன்னைக்குப் பாக்க வரல, திங்கத்தான் வந்திருக்கேன் என்கிறாள்.