மரம் இல்லாத மலை

என் வேலையே சந்தேகப்படுவதுதான். லுப்லியானா நகரத்தில் ஒரு பெரிய கடையில், வாங்க வந்தவள் மாதிரி கூடையோடு சுற்றிக்கொண்டிருந்து, சாமானைச் சட்டைக்குள் செருகுகிறவர்களைப் பிடித்துக் கொடுப்பேன். முகத்தைப் பார்த்து நான் ஏமாற மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். திருடப்போகிறவர்கள் அதற்குச் சற்று முன்னால் திடீரென்று ரொம்ப சாதுவாகிவிடுவார்கள். அந்த வருடம் மார்ட்டின் திருநாள் விருந்தில் என் கணவன் போயன் அப்படித்தான் சாதுவானான்.

நவம்பரில் புது ஒயினைத் திறக்கும் அந்த நாளில் நாங்களும், ராடோவும், அவன் மனைவி வில்மாவும் சேர்ந்து வாத்துக்கறி சாப்பிடுவோம். பிப்ரவரி விடுமுறைக்கு எந்த மலையில் பனிச்சறுக்கு என்பதும் அன்றைக்கே முடிவாகிவிடும். மேசையில் மலைக்கு ஒன்றாக இரண்டு கிண்ணம் வைப்போம். ஆளுக்கொரு வால்நட். எந்தக் கிண்ணத்தில் அதிகம் விழுகிறதோ அந்த மலை.

போயன் எப்போதும் பேலா பெச் மலைக்குத்தான் போடுவான். மரமே முளைக்காத உயரம் அது, மேலே போனால் வானமும் பனியும்தான். யாவோர் மலை என்றால் அவனுக்கு இளக்காரம். தாழ்வான மலை, இரண்டு பக்கமும் அடர்ந்த காடு, நடுவில் சாதுவான சரிவு. "டயப்பர் கட்டின பசங்க சறுக்குற எடம்" என்பான். அப்படிப்பட்டவன் இந்த வருடம் தன் வால்நட்டை யாவோர் கிண்ணத்தில் போட்டான்.

"டேய், கிண்ணம் மாறிப் போச்சுடா" என்றான் ராடோ.

"மாறல. யோசிச்சுத்தான் போட்டேன். நமக்கும் வயசாகுதுல்ல? மரத்துக்கு நடுவுல நிதானமா சறுக்கலாமேன்னு பாத்தேன்."

"வயசா? போன வருஷம் என்னைக் கெழவான்னு கூப்புட்டது எந்த நாயி?"

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் வில்மா தன் வால்நட்டையும் அதே கிண்ணத்தில் போட்டுவிட்டாள். இந்த வில்மாவுக்கும் என் கணவனுக்கும் இத்தனை வருடத்தில் எதிலுமே ஒத்துப்போனதில்லை. கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வாய் கொஞ்சம் நீளம். இவன் கிழக்கு என்றால் அவள் மேற்கு. அன்றைக்கோ இவன் கோப்பைக்குக் கை நீட்டியபோது அவள் அதை எடுத்து அவன் விரல்களுக்குள் வைத்தாள். எடுத்து வைத்ததோடு நிற்கவில்லை, அவன் பிடித்துக்கொள்கிற வரைக்கும் விடாமல் இருந்தாள். நான் கையைப் பார்க்கிறவள் என்று சொன்னேன் அல்லவா?

வீம்புக்கே நான் பேலா பெச்சில் போட்டேன். ராடோவும் அதில்தான் போட்டான். இரண்டுக்கு இரண்டு. இழுபறி வந்தால் பக்கத்துக்கு ஒருவராகச் சேர்ந்து போய், டிசம்பரில் உயரமான மலையின் பனியைப் பார்த்துவிட்டு வரவேண்டும், அவர்கள் சொல்வதுதான் முடிவு. அது எங்கள் வழக்கம்.

"நானும் போயனும் போறோம்" என்றேன்.

வில்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "போயன் எதுக்கு? எங்க பக்கத்துலேர்ந்து நான் வர்றேனே. பொம்பளைங்க ரெண்டு பேரும் ஜாலியா போயிட்டு வரலாம், டாரிங்கா" என்று என் பெயரைச் சொல்லிக் கெஞ்சினாள்.

"அங்க போனா தலை சுத்துதுன்னு வருஷா வருஷம் அழுவியே?"

"இப்ப பரவால்ல."

"உனக்குப் பரவால்லன்னாலும் எனக்கு வேணாம். நாங்களே போறோம்."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வீட்டிலும் நான் வேலை நேரம் மாதிரியே இருந்தேன். எங்கே போனாலும் போயன் கார் சாவியை என்னிடம் நீட்டினான். "நீயே ஓட்டு. நாள் பூரா பஸ் ஓட்டி அலுத்துப்போச்சு" என்றான். நகரப் பேருந்தில் முப்பது வருடமாக ஓட்டுநர், அதுவரை ஒரு நாளும் அலுத்ததில்லை. வில்மாவுக்குச் செய்தி அனுப்பக் கை சும்மா இருக்க வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் போனும் கையுமாக நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். துணி எடுக்கிற சாக்கில் கதவருகே போனேன்.

"வேணாம் வில்மா. நீ சொல்லாத. அவகிட்ட நானே சொல்றேன். ஏப்ரல் வரைக்கும் விடு."

ஏப்ரலில் என்ன? பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பப்போகிறானா? மலை எக்கேடு கெட்டுப் போகட்டும், எனக்கு இவன் வேண்டும். குறட்டை விட்டாலும், வெந்நீரையெல்லாம் தீர்த்துவிட்டுப் பாட்டுப் பாடினாலும் இவன்தான் வேண்டும். அதைச் சொல்லிக் கெஞ்சுவதற்கு முன்னால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. புத்தி அப்படிப்பட்டது.

டிசம்பர் சனிக்கிழமை காலையில் பேலா பெச்சுக்குப் போனோம். கம்பியில் தொங்கும் நாற்காலியில் ஏறினோம். குறுக்குக் கம்பியை அவன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மேலே லேசான மூடுபனி. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் கோடே இல்லை.

"இறங்கிடலாமா?" என்றான்.

"ஏன், வில்மா இல்லாம போரடிக்குதா?"

பதில் வருவதற்குள் நான் சறுக்கிக் கிளம்பிவிட்டேன். கோபம் வந்தால் உண்மை வரும், அவன் துரத்திக்கொண்டு வந்து சண்டை போடட்டும் என்பதுதான் கணக்கு. முதல் வளைவு தாண்டி ஓரமாக நின்று திரும்பிப் பார்த்தேன்.

அவன் வந்தான். கால்களை அகட்டி, சறுக்குப் பலகைகளின் முனையைச் சேர்த்து, முதல் நாள் பழகுகிற பிள்ளை மாதிரி வந்தான். இந்தச் சரிவில் ராடோவைத் திணற அடித்தவன் அவன். எனக்குச் சற்றுத் தள்ளி நின்றான். அவன் மீசையில் ஒட்டியிருந்த பனித்துகள்கூட எனக்குத் தெரிந்தது. நானோ சிவப்புச் சட்டை.

"டாரிங்கா?"

நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். பிடிபடும் நேரத்தில் மயங்கி விழுகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். சறுக்குக்கோலைத் தூக்கி அவனுக்கு நேராக ஆட்டினேன். அவன் பார்வை என்னைத் தாண்டிப் போயிற்று.

"எங்கடி இருக்க? சத்தம் குடு."

சொல்லிக்கொண்டே அவன் பலகையைத் திருப்பினான். சரிவு முடிந்து பாறை செங்குத்தாக இறங்கும் பக்கம் திருப்பினான்.

"நில்லு! அசையாத!" என்று நான் போட்ட கூச்சல் எனக்கே பயமாக இருந்தது.

போய் அவன் தோளைப் பிடித்தேன். அவன் நடிக்கவில்லை, நான் நின்ற இடம் அவனுக்குத் தெரியவே இல்லை.

"எவ்வளவு நாளா?"

"வசந்தத்துலேர்ந்து. கண் நரம்பாம். ரெண்டு ஓரமும் மூடிட்டே வருது. நடுவுல மட்டும் தெரியும். இப்படி எல்லாம் வெள்ளையா இருந்தா அதுவும் போயிடுது. மரம் இருந்தா பாதை எங்க முடியுதுன்னு தெரியும். இங்க உன் பலகைச் சத்தத்தைப் புடிச்சுத்தான் வந்தேன். நீ நின்னுட்ட, எனக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு."

"வில்மா?"

"ஆஸ்பத்திரில என்னைப் பாத்துட்டா. அன்னைலேர்ந்து உங்கிட்ட சொல்லு சொல்லுன்னு உயிர எடுக்குறா."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. புருஷனுக்குக் கண் போகிறது, எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. வில்மா இல்லை, பெட்டி இல்லை, இவன் என்னுடையவன்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. அவன் வழித்தடத்தில் இரண்டு பள்ளிக்கூடம் இருக்கிறது.

"நீ பஸ் ஓட்டுற" என்றேன்.

"ஏப்ரல்ல மருத்துவச் சோதனை. அப்ப எப்படியும் லைசென்ஸ வாங்கிடுவாங்க. அதுவரைக்கும் விடேன். முப்பது வருஷமா அதே ரோடு, கண்ண மூடிட்டு ஓட்டுவேன்."

"அதத்தான் பண்ணிட்டிருக்க."

அவன் தோளை விடுவித்துக்கொள்ளப் பார்த்தான். நான் விடவில்லை. "அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ புடிச்சுக் குடுத்துடுவ." கோபமில்லாமல்தான் சொன்னான். "இல்லன்னு சொல்லு, டாரிங்கா. குடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"கோலைப் புடி" என்றேன்.

என் சறுக்குக்கோலின் ஒரு முனையை நான் பிடித்து, மறுமுனையை அவன் கையில் கொடுத்து, இடது வலது என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். எங்களைத் தாண்டிப்போன பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காது மடல் சிவந்திருந்தது. அடிவாரக் கடையில் ரம் கலந்த டீ வாங்கி அவன் விரல்களுக்குள் வைத்தேன், பிடித்துக்கொள்கிற வரைக்கும் விடவில்லை. பிறகு போனை எடுத்து மேசையில் வைத்தேன்.

"டெப்போவுக்கு நீ பேசறியா, நான் பேசட்டுமா?"

"ஒரு வாரம் குடு. ராடோகிட்டயாவது நானே சொல்லிக்கறேன்."

"ராடோகிட்ட எப்ப வேணா சொல்லு. பஸ்ஸுக்கு ஒரு நாள்கூடக் கெடையாது."

அவன் போனைத் தொடவில்லை. நான்தான் பேசினேன். டெப்போ மேலாளர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். "இல்ல சார், காய்ச்சல் இல்ல. கண்ணு. திங்கக்கிழமை மட்டுமில்ல, இனிமே வரமாட்டார்" என்று நான் சொல்லும்போது எதிரே போயன் டீயைக் குடிக்காமல், அதன் சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாத்தியா" என்றான், நான் போனை வைத்ததும்.

"பாத்தேன். எந்திரி, வீட்டுக்குப் போலாம்."

கையைக் கொடுத்தேன், உதறினான். கதவைத் தானே தேடித் திறந்து வெளியே போனான். வாசலுக்கு வெளியே எல்லாம் பனி மூடிக் கிடந்தது. அங்கே நின்றுவிட்டான்.

"படி இருக்கா?"

"இல்ல. சமதரைதான். தைரியமா கால வை."

அவன் வைக்கவில்லை. தன் சறுக்குக்கோலை நீட்டி, தரையை இங்கே ஒரு குத்து, அங்கே ஒரு குத்து என்று சோதித்துப் பார்த்தான். நான் சொன்னது உண்மைதான் என்று தெரிந்த பிறகே காலை எடுத்து வைத்தான். கார் வரைக்கும் அப்படியேதான் நடந்தான். நான் பின்னாலேயே நடந்தேன்.