மல்லாந்து பார்த்த மாளிகை

பொகுமிலும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷமாகிறது. அவன் செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் சுற்றுலாப் பேருந்து ஓட்டினான். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பழைய பிரபு மாளிகைக்கு மட்டும் ஆயிரம் தடவையாவது ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியிருப்பான். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. அவர்கள் திரும்பும்வரை தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவான்.

அவன் ஓய்வு பெற்ற மறுவாரம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மழைத் தூறல், எங்களைத் தவிர வேறு ஆளில்லை. மரத்தரை கீறாமலிருக்க ஷூவுக்கு மேல் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொள்ளச் சொன்னாள் வழிகாட்டிப் பெண் இவெத்தா.

"இது என்ன, பொம்மைக்குத் தைச்சதா?" என்றான். குதிகால் வெளியே தொங்கியது.

இரண்டாவது கூடத்தில் வழுக்கிவிட்டது. தொம்மென்று மல்லாக்க விழுந்தான்.

"ஐயா, அடி பட்டுச்சா?" என்று இவெத்தா ஓடிவந்தாள். நானும் பக்கத்தில் குனிந்தேன். அவன் மெல்ல விரலை உயர்த்தி என்னைக் கூப்பிட்டான்.

"விளாஸ்தா, மேல பாரு."

"மொதல்ல எந்திரி!"

"நீ படு. நின்னா கழுத்துதான் வலிக்கும்."

படுத்தேன். விதானம் முழுக்க வரைந்த இளஞ்சிவப்பு மேகங்கள், நடுவே நாலு குதிரை பூட்டிய தேர்.

"தேரோட்டி இடுப்பப் புடிச்சிருக்கான் பாரு. பாவம், அவனுக்கும் முதுகுவலி."

சிரிப்பை அடக்க முடியவில்லை. இவெத்தா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அஞ்சு வருஷமா எல்லாரையும் அண்ணாந்து பாக்கச் சொல்றேன். என் கழுத்துதான் போச்சு" என்று அவளும் படுத்துவிட்டாள்.

வெளியே தோட்டத்தில் தூறல் விட்டிருந்தது. அளவெடுத்து வெட்டிய புதர்வேலிகளைப் பார்த்து மலைத்து நின்றான். "எவ்வளவு நேரா நிறுத்தியிருக்கான்! எங்க டிரைவருங்க ஒருத்தனுக்கும் பஸ்ஸ இப்படி நிறுத்த வராது."

நீரூற்றுத் திட்டில் உட்கார்ந்து, ரொட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த இறைச்சி வறுவலைத் தின்றோம்.

"இத்தன வருஷம் ஏன்டா உள்ள போகல?" என்றேன்.

"பாத்துட்டு வந்து உங்கிட்ட சொல்லத் தெரியாது. நீ பாக்காதத நான் மட்டும் பாத்து என்ன பண்ண?"

"பொய் சொல்லாத, தூங்குமூஞ்சி."

"பாதிதான் பொய்" என்று என் தோளில் கை போட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"எங்க கிளம்பிட்ட?"

"வடக்குப் பக்கத் தோட்டம் இன்னும் பாக்கல. சீக்கிரம் வா."