கன்றுக்குட்டிக்குச் சளி

மாப்பிள்ளை வீட்டார் சின்னமனூர் தாண்டிவிட்டதாகப் போன் வந்த அதே நிமிடத்தில் அபிதாவுக்கு இழுப்பு வந்தது. ஆறு வயதுப் பிள்ளை. நாள் நேரம் பார்த்து மூச்சுத் திணற இன்னும் பழகவில்லை.

பெண் பார்க்க வரும் நாளில் ஒளித்துவைக்க நம் வீடுகளில் எப்போதும் சில உருப்படிகள் உண்டு. உடைந்த நாற்காலி, குடிக்கிற சித்தப்பா, இழுப்புள்ள பிள்ளை. நாற்காலியையும் சித்தப்பாவையும் முதல் நாளே அப்புறப்படுத்தியிருந்தார் பாண்டீஸ்வரன். பிள்ளைதான் மிச்சம். தன் மகளைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். திராட்சைக்கு அடிக்கிற மருந்துகளை வைக்கும் அறை அது. வீட்டில் வெளித் தாழ்ப்பாள் இருந்தது அந்த ஒரு கதவுக்குத்தான்.

"இங்கனயே இரு ஆத்தா. இருமக் கூடாது. அவுக போகவும் அப்பா ஐஸ் வாங்கித் தர்றேன்."

அவர் பாசமில்லாதவர் அல்ல. கொடியில் ஓர் இலை சுருண்டால் அன்றைக்கே மருந்தடிப்பவர்தான். ஆனால் கொடிக்கு நாளைக்குக் கல்யாணம் பேச வேண்டியதில்லை. இழுப்புக்காரி என்று ஒரு முறை ஊர் சொல்லிவிட்டால் அபிதாவை யார் கட்டுவார்கள், இன்றைக்கு அவருடைய தங்கச்சி நாகஜோதியைத்தான் யார் கட்டுவார்கள்? இன்ஹேலரை பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த அவர் மனைவி முத்துலட்சுமி, மருந்தைக் கொடுத்துவிட்டாவது பூட்டுங்கள் என்று கெஞ்சினாள். வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது.

பட்டுச்சேலையில் நின்ற நாகஜோதியிடம் அண்ணன், அரை மணி நேரந்தான், பொறுத்துக்கோ என்றார். அவளும் தலையாட்டினாள். வீட்டில் அந்த நோயைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவள். அதனால் அந்தத் தலையாட்டலுக்கு மன்னிப்புக் கொஞ்சம் குறைவு.

கம்ப்யூட்டர் வேலை என்றுதான் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவள் மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். பிள்ளைகளின் மூக்குக்குள் சின்னப் பிரஷ்ஷை விட்டு நாலு செல்லைத் தேய்த்தெடுத்துத் தட்டில் வளர்ப்பது அவள் வேலை. ஒரு மாதத்தில் அவற்றுக்கு மயிர் முளைக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காற்றில் ஒரே பக்கமாக அசைகிற நெல்வயல். இழுப்புள்ள பிள்ளையின் வயலோ சளியில் சாய்ந்து கிடக்கும். அதன்மேல் புது மருந்துகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பார்கள். அண்மையில் ஒரு மருந்துக்கு மூன்று தட்டுகளில் வயல் நிமிர்ந்தது. தட்டில் நிமிர்ந்தது பிள்ளையின் நெஞ்சில் நிமிரப் பல வருஷம் ஆகலாம், நிமிராமலும் போகலாம் என்று தலைமை விஞ்ஞானி மகிமா சொல்லியிருந்தார்.

மகிமாவுக்கு ஓர் ஆச்சரியம் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து அறுபத்திரண்டு பிள்ளைகளின் படிவங்கள் வந்திருந்தன. 'குடும்பத்தில் வேறு யாருக்காவது இழுப்பு உண்டா?' என்ற கேள்விக்கு அறுபத்திரண்டு 'இல்லை'. இந்தப் பக்கம் நோய் பரம்பரையாகவே வருவதில்லை போலிருக்கிறது என்று வியந்து, கட்டுரையும் எழுதத் தொடங்கிவிட்டார். அதில் ஒரு படிவம் அபிதாவுடையது. மீனாட்சி கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லி அழைத்துப் போய், முத்துலட்சுமி எழுதிக் கொடுத்த 'இல்லை'. பக்கத்தில் நின்ற நாகஜோதி பத்து வயதுவரை இழுத்தவள். இழுத்தே செத்த அப்பாவுக்கு மாரடைப்பு என்று ஊரோடு சேர்ந்து சொன்னவள். அன்றும் அவள் வாயைத் திறக்கவில்லை. அறிவியலுக்கு அவளுடைய முதல் பங்களிப்பு அதுதான்.

பெரியகுளத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை விஜயகுமார், அவன் அம்மா ராமுத்தாய், உறவில் நாலு பேர். நாகஜோதி காப்பித் தட்டை நீட்டியபோது பின்னறையிலிருந்து இருமல் கேட்டது.

"கன்னுக்குட்டி. சளி பிடிச்சிருக்கு" என்றார் பாண்டீஸ்வரன்.

ராமுத்தாய் மாடு வளர்ப்பவர். டம்ளரை இறக்கி வைத்துவிட்டார். "மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனீகளா தம்பி?"

போகணும் என்று இழுத்தார் அவர்.

"அசட்டையா விட்டுறாதீக. வாயில்லாச் சீவன், அது என்னன்னு சொல்லும்? இன்னைக்கே ஊசி போட்ருங்க." மகனிடம் திரும்பி, டாக்டர் நம்பரைக் கொடுக்கச் சொன்னார். விஜயகுமார் மரியாதையாகப் போனை எடுத்து நம்பரைச் சொல்ல, அந்த வீட்டில் இல்லாத கன்றுக்காகப் பாண்டீஸ்வரன் அதைக் குறித்துக்கொண்டார்.

அதற்குள் இருமல் நின்றுவிட்டது. பாண்டீஸ்வரன் முகத்தில் நிம்மதி வந்தது. நாகஜோதிக்குத் தெரியும்: இருமுவதற்கும் காற்று வேண்டும்.

தட்டை ராமுத்தாயின் மடியிலேயே வைத்துவிட்டு ஓடினாள். தாழ்ப்பாளைத் திறந்ததும் மருந்து நெடி முகத்தில் அடித்தது. அபிதா சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றாள். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்வாங்கி உள்வாங்கி மீண்டது. அப்பா சொன்னதற்காக, அந்த நிலையிலும் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

கூடத்தில் மின்விசிறி இருந்தது, வெளிச்சம் இருந்தது, விருந்தாளிகளும் இருந்தார்கள். நாகஜோதி பிள்ளையை அங்கேதான் தூக்கி வந்தாள். முத்துலட்சுமி அதற்குள் பீரோவைக் கவிழ்த்துப்போட்டு இன்ஹேலரையும் அதைச் செருகும் குழாயையும் கொண்டுவந்துவிட்டாள். நாகஜோதி குழாய் முனையின் முகமூடியைப் பிள்ளையின் மூக்கோடும் வாயோடும் அழுத்தி, மருந்தை அமுக்கி, மூச்சை எண்ணினாள். மறுபடி. மறுபடி. காப்பியில் ஆடை படர்ந்தது. ஆறாவது முறைக்குப் பிறகு பிள்ளை அழுதாள். அழ முடிகிறதே என்று முத்துலட்சுமியும் அழுதாள்.

"இதுதாங்க அந்தக் கன்னுக்குட்டி" என்றாள் நாகஜோதி. "எங்கண்ணன் மக. இவளுக்கு இழுப்பு. எனக்கும் இருந்துச்சு. எங்கப்பா செத்ததும் இதுலதான். இதுக்கு மருந்து தேடுறதுதான் மதுரையில என் வேலை. கம்ப்யூட்டர்ல சினிமா பாக்க மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

ராமுத்தாய் பிள்ளையின் முதுகைத் தடவிவிட்டார். உண்மையாகவே தடவினார். பிறகு எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். நோயில்லாத வீடு ஏது? எங்க வீட்டுலயும் ரெண்டு பேருக்கு இருக்கு. அதை நாங்க சபையில சொல்லிக்கிட்டா திரியிறோம்? இப்படி வாய் அடங்காத பொண்ணு எங்களுக்குச் சரிப்படாது, தம்பி."

"அந்த ரெண்டு பேருக்கும் என்ன வயசு?" என்று கேட்டாள் நாகஜோதி. ஆய்வுக்கூடப் பழக்கத்தில் பேனாவையே கையில் எடுத்துவிட்டாள்.

ராமுத்தாய் படியிறங்கினார். உறவுகளும் இறங்கினார்கள். கடைசியாகச் செருப்பு மாட்டிய விஜயகுமார், வேனைப் பார்த்தபடியே தணிந்த குரலில் சொன்னான்.

"ஒருத்தி எங்கக்கா மக, ஏழு வயசு. இன்னொரு ஆளுக்கு இருபத்தொம்போது." படியில் ஒரு காலை வைத்து, "என்னைத்தான் சொல்றேன்" என்றான். ஹாரன் அடித்ததும் போய் ஏறிக்கொண்டான்.

நாகஜோதி தேனி ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவை அழைத்தாள். எதிர்வீட்டு வாசலில் மூன்று பெண்கள் கூடிவிட்டார்கள். பாண்டீஸ்வரன் வேகமாகப் போய் வாசல் கதவில் கை வைத்தார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த முத்துலட்சுமி, கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கையை விலக்கிவிட்டு, தெரு பார்க்க நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"கதவைச் சாத்தாதீக. பிள்ளைக்குக் காத்து வேணும்."