ஒன்பதாம் சைஸ்

பயிற்சி முகாமில் பூட்ஸ் ஸ்டோர் என் பொறுப்பு. பூட்ஸ் கடிக்கிறது என்று வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புது பூட்ஸ் கடிக்காமல் கொஞ்சவா செய்யும்?

அன்று சாயங்காலம் கொக்கு வந்து நின்றான். கழுத்தும் காலும் நீளம் என்பதால் முகாமே வைத்த பெயர் அது. மறுநாள் காலை அவனுடைய பிரிவு போர்முனைக்கு ரயிலேறுகிறது.

"அண்ணே, ஒரு சைஸ் பெருசா குடுங்க. விரல் மடங்குது."

"இப்பத்தானேடா மாத்திக்கிட்டுப் போனே? நான் என்ன செருப்புக் கடையா வச்சிருக்கேன்?"

கத்திக்கொண்டே அவன் காலை அளவுப் பலகைமேல் இழுத்து வைத்தேன். படையில் சேர்ந்தபோது ஏழு, நடுவில் எட்டு, இப்போது ஒன்பது. பேன்ட் வேறு கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. எனக்குத் திக்கென்றது. வயது பத்தொன்பது என்று சொல்லிச் சேர்ந்தவன். அந்த வயதுக்காரனுக்குக் கால் இப்படியா வளரும்?

"உண்மையைச் சொல்லு. என்ன வயசு உனக்கு?"

"பதினஞ்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. எல்லாரும் போறாங்க, நான் மட்டும் எப்படி..."

என் பையனுக்கும் பதினைந்துதான். பல் துலக்க வைக்கவே அவன் அம்மா பின்னாலேயே ஓட வேண்டும். நேராகக் கேப்டனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பத்தொன்பதுன்னு அவனே சொல்லிச் சேர்ந்தான்யா. ஆளே பத்தல. இப்ப நிறுத்தினா மேலிடத்துக்கு என்ன பதில் சொல்றது?"

"பூட்ஸ் இல்லைன்னு சொல்லுங்க சார். அவன் காலுக்கு ஒன்பது வேணும். ஸ்டோர்ல இல்ல."

காலுக்குச் சேராத பூட்ஸோடு யாரையும் ரயிலேற்றக் கூடாது என்பது முகாமின் சட்டம். கேப்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்று காலையில் ஒன்பதாம் சைஸ் ஒரு லாரி நிறைய வந்து இறங்கியபோது பக்கத்தில் நின்றவரே அவர்தான்.

"இல்லைன்னா இல்லதான்யா" என்றார். "அவங்க அம்மாவுக்கு ஒரு தந்தி அடி."

ரயில் அவன் இல்லாமல் போனது. கொக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்டோர் வாசலில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான், ஆள் இங்கே இருக்கிறானே என்று எனக்கு நிம்மதி. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

தந்தி கண்டு அவன் அம்மா வந்தாள். வந்த வேகத்தில் அறையக் கை ஓங்கினாள். கன்னம் எட்டவில்லை, அவ்வளவு வளர்ந்திருந்தான். அவனே குனிந்து கொடுத்தான். ஓங்கிய கை அவன் தலையைத்தான் தடவியது.

வெறுங்காலோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உள்ளே போய் ஒன்பதாம் சைஸில் ஒரு ஜோடி எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் பூட்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இருந்துச்சா?"

"லாரி நிறைய இருந்துச்சு."

நன்றாகத் திட்டப்போகிறான் என்று தயாராக நின்றேன். அவன் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு, கயிற்றை இறுக்கிக் கட்டி, அம்மாவின் பையை வாங்கித் தோளில் போட்டான். நாலடி நடந்துவிட்டுத் திரும்பினான்.

"கடிக்கலண்ணே" என்றான்.